உலாவியை அபகரிக்கும் நிரல்கள்: வீட்டுக் கணினியை மீட்கும் முறை

2017ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், செக் பாயிண்ட் என்னும் இஸ்ரேலியப் பாதுகாப்பு நிறுவனம், பீஜிங்கைச் சேர்ந்த ரஃபோடெக் என்ற விளம்பர நிறுவனம் ‘ஃபயர்பால்’ எனப் பெயர் பெற்ற ஒரு நிரலை உலகெங்கும் 25 கோடிக் கணினிகளில் புகுத்தியிருப்பதாக அறிவித்தது. நாடுவாரியாகப் பார்த்தபோது பட்டியலின் முதலிடத்தில் 2 கோடியே 53 லட்சம் கணினிகளுடன் இந்தியா இருந்தது. அதே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் இக்கணக்கை மறுத்தது. பாதிக்கப்பட்ட கணினிகளை எண்ணாமல், அந்த நிரல் திறக்கும் போலித் தேடல் பக்கங்களுக்கு வந்த வருகைகளைக் கொண்டு செய்த மதிப்பீடு என்பதால் அது பெரிதும் மிகைப்பட்டது என்று விளக்கியது. எண்ணிக்கை பற்றி எழுந்த இந்த வேறுபாடு நிரலின் தன்மை பற்றி எழவில்லை. இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு கணினிக்குள் நுழைந்து, உலாவியின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் தன் விருப்பப்படி மாற்றி, பயனர் திரும்ப மாற்றினாலும் மாறாதபடி அது காவல் காத்தது. சில வாரங்களில் அந்நிறுவன ஊழியர்கள் 11 பேரை பீஜிங் காவல்துறை கைது செய்ததாகச் செய்தி வந்தது.

குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் போன்று இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளே உலாவி. நடைமுறையில் பிரவுசர் என்று சொல்லப்படுவது. அந்த உலாவியின் கட்டுப்பாட்டை உரியவரின் அறிவின்றிக் கைப்பற்றிக்கொள்ளும் நிரலைப் பாதுகாப்புத் துறையினர் ‘பிரவுசர் ஹைஜாக்கர்’ என்று வகைப்படுத்துகின்றனர். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல்களைப் போல இது அச்சுறுத்துவதில்லை; கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும், பக்கங்கள் திறந்துகொண்டுதான் இருக்கும். அதனாலேயே பல வீடுகளில் மாதக்கணக்கில் ‘சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ’ என்ற ஒரு சொல்லில் இது பொறுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால் இந்தியச் சட்டம் இதை இலேசாகக் கருதவில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, கணினியில் உள்ள தரவை மாற்றவோ பதிவுசெய்யவோ வெளியே அனுப்பவோ வடிவமைக்கப்பட்ட கட்டளைத் தொகுப்புகளோடு, கணினியின் இயல்பான இயக்கத்தை அபகரிக்கும் கட்டளைத் தொகுப்பையும் ‘கணினி மாசு’ என்ற வரையறைக்குள் வைக்கிறது. தீய நோக்கத்தோடு அதைப் புகுத்துவோருக்கு 66ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

இத்தகைய நிரல்கள் எதற்காக எழுதப்படுகின்றன என்பது விளங்கினால், அவை ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொள்கின்றன என்பதும் விளங்கும். தேடல் முடிவுகளோடு வரும் விளம்பரத்தை ஒருவர் சொடுக்கும்போது விளம்பரதாரர் தேடுபொறி நிறுவனத்துக்குப் பணம் தருகிறார். அந்தப் பயனரை அனுப்பிவைத்த பங்காளிக்கு அதில் ஒரு பகுதி போகிறது. அபகரிக்கும் நிரல் பயனர் தட்டும் சொல்லை முதலில் தன் முகவரிக்குக் கொண்டுசென்று, தன் பங்காளிக் குறியீட்டைச் சேர்த்து, பிறகு யாஹூ, கூகுள் போன்ற உண்மையான தேடுபொறிக்குத் திருப்பிவிடுகிறது. கண்முன் வரும் முடிவுகள் பழகிய முடிவுகளாகவே இருப்பதால் இடையில் நடந்த திருப்பம் பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை. ஒரு சொடுக்கலுக்குக் கிடைப்பது சில காசுகளே என்றாலும் லட்சக்கணக்கான கணினிகளில் நாள்தோறும் நடக்கும்போது அது பெருந்தொகையாகிறது. ஆகவே ஒரு கணினியை இழப்பது இவர்களுக்கு வருமானத்தை இழப்பது; அகற்றிய பிறகும் திரும்பி வருவதற்கான வழிகளை நிரலிலேயே எழுதிவைப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தொழில் புதியதன்று. 2003 வாக்கில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை ஆட்டிப்படைத்த ‘கூல்வெப்சர்ச்’ என்னும் நிரலை அகற்றுவதற்காகத் தனிக் கருவியே எழுதினார் மெரின் பெல்லெகோம் என்ற நெதர்லாந்து இளைஞர். அவர் உருவாக்கிப் பின்னர் 2007இல் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் வாங்கிக்கொண்ட ‘ஹைஜாக்திஸ்’ என்னும் மற்றொரு கருவி, நல்லது எது தீயது எது என்று தானாகத் தீர்ப்பளிக்காமல், அபகரிக்கும் நிரல்கள் ஒளிந்துகொள்ளக்கூடிய இடங்கள் அனைத்தையும் ஒரே பட்டியலாக எடுத்துக் காட்டி, முடிவை மனிதனிடம் விட்டது. எந்தெந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று அறிவதே பாதி மருத்துவம் என்ற அந்த அணுகுமுறை இன்றும் பழுதாகவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் கருவிப்பட்டைகள், அதாவது ‘டூல்பார்’கள், மதிப்புமிக்க மென்பொருள்களோடு சேர்ந்தே வீடுகளுக்குள் நுழைந்தன, ஜாவா மென்பொருளைப் புதுப்பித்தவர்களின் கணினியில் ‘ஆஸ்க்’ கருவிப்பட்டை வந்து அமர்ந்தது அக்காலத்துப் பொது அனுபவம். புதிதாக வாங்கிய கணினியும் தப்பவில்லை. 2014–15இல் லெனோவோ நிறுவனத்தின் சில மடிக்கணினிகளில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்னும் விளம்பர நிரல் தொழிற்சாலையிலேயே பதியப்பட்டிருந்ததும், அது பாதுகாப்பான வங்கிப் பக்கங்களின் மறைகுறியாக்கத்தையே பலவீனப்படுத்தியதும் 2015 பிப்ரவரியில் வெளியாயின.

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், ஆரோவிலை ஒட்டி, தேவாரப் பாடல் பெற்ற மாகாளேசுவரர் கோயிலால் அறியப்படும் இரும்பை போன்ற ஊர்களிலும் திண்டிவனம், விழுப்புரம் நகரங்களிலும் வீட்டுக் கணினி என்பது பெரும்பாலும் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பொருளன்று. பள்ளிப் பாடம், போட்டித் தேர்வுக் கேள்வித்தாள், பட்டா சிட்டா, மின்கட்டணம், திரைப்படம், திருமண அழைப்பிதழ் வடிவமைப்பு ஆகிய அனைத்தும் ஒரே மடிக்கணினியில், பல நேரம் கடவுச்சொல் இல்லாத ஒரே கணக்கில் நடக்கின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ் அடுத்துவந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு மடிக்கணினிகள் கிடைத்தன. அவற்றுள் பல இன்றும் தம்பி, தங்கைகளின் கையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அக்காலத்து விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்திவிட்டது. 2023 தொடக்கத்திலிருந்து குரோம் உலாவியும் அதில் புதுப்பிக்கப்படுவதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. திருத்தங்கள் வராத கணினியில் பழைய ஓட்டைகள் அடைபடாமலே இருந்துவிடுகின்றன.

தமிழ் வீடுகளுக்கென்றே ஒரு நுழைவாயிலும் உண்டு. தமிழில் தட்டெழுதவோ ஒரு குறிப்பிட்ட எழுத்துருவில் வந்த கோப்பைத் திறக்கவோ விரும்புகிறவர், அந்த எழுத்துருவின் பெயரைத் தேடுபொறியில் இட்டு, முதலில் வரும் பதிவிறக்கத் தளத்துக்குள் போகிறார். அத்தளத்தில் பெரிய பச்சை நிறப் பொத்தான்கள் மூன்று நான்கு இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை விளம்பரங்கள். எழுத்துருக் கோப்பு சில நூறு கிலோபைட் அளவே இருக்க வேண்டிய இடத்தில், அதை ‘இறக்கித் தரும்’ நிறுவி ஒன்று வந்து சேர்கிறது. அந்த நிறுவியின் இரண்டாவது திரையில் ‘விரைவு நிறுவல், பரிந்துரைக்கப்படுவது’ என்ற வட்டம் ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். அதன்கீழே மங்கிய சாம்பல் நிறத்தில் ‘தனிப்பயன் நிறுவல்’ என்று மற்றொன்று இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தால்தான், முகப்புப் பக்கத்தை மாற்றவும் தேடுபொறியை மாற்றவும் மேலும் இரண்டு மென்பொருள்களை நிறுவவும் டிக் இடப்பட்ட சதுரங்கள் கண்ணில் படும். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று போகிறவர் இவை அனைத்துக்கும் ஒப்புதல் தந்தவராகிறார். இப்படிப் பெறப்படும் ஒப்புதலை ஒப்புதல் என்று அழைப்பதே தகாது. இத்தனைக்கும் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளிலும் விண்டோஸ் 11இலும் உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதும். அழகி, என்எச்எம் ரைட்டர் போன்றவற்றை விரும்புவோர் அவற்றை உருவாக்கியோரின் தளத்தையன்றி வேறெங்கும் நாட வேண்டியதில்லை.

திருட்டுத் திரைப்படத் தளங்களும் விலைக்குரிய மென்பொருள்களை இலவசமாக்கித் தருவதாகச் சொல்லும் ‘கிராக்’ கோப்புகளும் மற்றொரு பெருவழி. 2022இல் பரவிய ‘குரோம்லோடர்’ என்னும் நிரல், விளையாட்டு அல்லது படம் என்று பெயரிட்ட வட்டுப் பிம்பக் கோப்பாகவே வந்தது. அது உள்ளே நுழைந்ததும் உலாவியில் ஒரு நீட்சியை, அதாவது ‘எக்ஸ்டென்ஷன்’ எனப்படும் துணைநிரலைச் சேர்த்தது. அந்த நீட்சியை அகற்றலாம் என்று நீட்சிகள் பக்கத்தைத் திறந்தால், அப்பக்கத்தைத் திறக்கவிடாமல் பொது அமைப்புகள் பக்கத்துக்குத் திருப்பியது. மைக்ரோசாஃப்ட் 2020 டிசம்பரில் விவரித்த ‘அட்ரோசெக்’ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் நாளொன்றுக்கு 30,000க்கும் மேற்பட்ட கணினிகளில் அது காணப்பட்டது. பாதிப்பு மிகுந்த பகுதிகளில் தெற்காசியாவும் ஒன்று. அது உலாவியின் உள் கோப்புகளையே திருத்தி, உலாவி தன்னைப் புதுப்பித்துக்கொள்வதைத் தடுத்து, ஃபயர்ஃபாக்ஸில் சேமிக்கப்பட்டிருந்த பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் வெளியே அனுப்பியது. விளம்பரம் மட்டுமே காட்டுகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைப்போர் இந்த ஒரு செய்தியை மனத்தில் கொள்வது நல்லது. தேடல் முடிவுகளைக் கைப்பற்றியவர், வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுகிறவருக்குப் போலி எண்ணை முதலாவதாகக் காட்டவும் முடியும்.

மீட்கும் வேலையைத் தொடங்குமுன் நோய் எந்த அளவில் பரவியிருக்கிறது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. ஒரே கணினியில் குரோமில் மட்டும் தேடல் திசைமாறி, எட்ஜில் சரியாக நடந்தால், கோளாறு குரோமின் நீட்சியிலோ அமைப்பிலோ இருக்கிறது. எல்லா உலாவிகளிலும் ஒரே போலித் தளம் வந்தால், விண்டோஸுக்குள் ஒரு நிரலோ, இணையப் போக்குவரத்தை வேறு கணினி வழியாகத் திருப்பும் ‘பிராக்ஸி’ அமைப்போ காரணம். அதே வைஃபையில் இணைந்த கைப்பேசியிலும் அதே பக்கம் வந்தால், கணினியை விட்டுவிட்டு மோடத்தைப் பார்க்க வேண்டும். திரையின் வலது மூலையில் ‘வைரஸ் தாக்கியுள்ளது’ என்று சிறு பெட்டிகள் மட்டும் வந்துகொண்டிருந்தால், பெரும்பாலும் அது நிரலே அன்று. ஏதோ ஒரு தளம் ‘அறிவிப்புகள் அனுப்பட்டுமா’ என்று கேட்டபோது ‘அலவ்’ கொடுத்ததன் விளைவு. உலாவி அமைப்புகளில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பகுதிக்குச் சென்று அத்தளத்தின் பெயரை நீக்கினால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். இந்த வேறுபாட்டை அறியாமல் கணினியையே கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் ஏராளம்.

நிரல்தான் என்று தெரிந்தால், முதலில் படங்களையும் ஆவணங்களையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் படியெடுத்துக்கொள்வது நலம். நிறுவிக் கோப்புகளை மட்டும் படியெடுக்கக் கூடாது. குணமாகும்வரை அந்தக் கணினியில் வங்கிக் கணக்கையோ அரசுச் சேவைக் கணக்கையோ திறக்கவும் கூடாது. பிறகு விண்டோஸின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஆப்ஸ்’ பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். உலாவி மாறத் தொடங்கிய நாளிலோ அதற்கு முதல்நாளோ வந்திறங்கிய, வீட்டில் யாரும் கேட்டு வாங்காத பெயர்கள் அங்கே பெரும்பாலும் இருக்கும்: ஏதோ ஒரு பிடிஎஃப் மாற்றி, வானிலை காட்டி, ‘பிசி வேகமாக்கி’. அவற்றை அன்இன்ஸ்டால் செய்யும்போது தோன்றும் கேள்விகளை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘அகற்றாமல் வைத்துக்கொள்’ என்பதைப் பெரிய பொத்தானாகவும் ‘அகற்று’ என்பதைச் சிறிய எழுத்தாகவும் வைப்பது இவர்களின் வழக்கமான தந்திரம்.

பலர் இதற்கு நேர்மாறாக, உலாவியை ‘ரீசெட்’ செய்வதில் தொடங்குகின்றனர். மறுநாள் பழைய பக்கம் திரும்பி வந்ததும் சோர்ந்துபோகின்றனர். சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டுத் தூரைத் தோண்டாமல் விட்டால் அடுத்த மழைக்குத் துளிர்ப்பதை விழுப்புரத்து உழவர்கள் அறிவர்; உலாவியில் தெரியும் மாற்றமும் அத்தகைய மேல்பகுதியே. தூர், ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்னும் விண்டோஸ் கருவியில் இருக்கக்கூடும். குறித்த நேரத்திலோ கணினி தொடங்கும்போதோ ஒரு வேலையைத் தானாக இயக்குவதற்கான அந்த அட்டவணையில், பொருளற்ற எழுத்துக் கோவையைப் பெயராகக் கொண்டு, பயனரின் ‘ஆப்டேட்டா’ கோப்புறையிலுள்ள ஒரு நிரலையோ ‘பவர்ஷெல்’ கட்டளையையோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை இயக்கும் பதிவு இருந்தால், அது சந்தேகத்துக்குரியது. குரோம்லோடர் திரும்பத் திரும்ப உயிர்பெற்றது இவ்வழியில்தான். ‘டாஸ்க் மேனேஜர்’ காட்டும் ‘ஸ்டார்ட்அப்’ பட்டியலையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

அதன்பின் முழு ஆய்வு. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே இதற்குப் போதுமானது. அதிலுள்ள ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ விண்டோஸ் முழுமையாக எழும்பும் முன்பே சோதிப்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்ளும் நிரல்களையும் பிடிக்கும். ‘விரும்பத்தகாத செயலிகளைத் தடுத்தல்’ என்னும் பொருள்படும் ஒரு தேர்வு ‘ரெப்யூட்டேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷன்’ என்ற தலைப்பின்கீழ் இருக்கிறது. அது இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் ஹைஜாக்கர்களில் பல வைரஸ் என்ற வகையில் சேராமல் இவ்வகையில்தான் சேர்கின்றன. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் 2016இல் வாங்கி இலவசமாகத் தொடரும் ‘ஆட்வ்கிளீனர்’ இவ்வேலைக்கென்றே எழுதப்பட்டது. இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான ‘செர்ட்-இன்’ 2017 பிப்ரவரி 21 முதல் நடத்திவரும் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ என்னும் மையமும் தன் தளத்தில் தீநிரல் அகற்றும் கருவிகளைக் கட்டணமின்றி வழங்குகிறது. எந்தக் கருவியாயினும் அதை உருவாக்கியோரின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். அகற்றும் கருவியின் பெயரிலேயே நோயைப் பரப்பும் போலிகளும் உண்டு.

இப்போதுதான் உலாவியின் முறை வருகிறது. குரோமில் ஒரு கூகுள் கணக்கால் நுழைந்திருந்தால் முதலில் ‘சிங்க்’ என்னும் ஒத்திசைவை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் அகற்றிய நீட்சி கணக்கின் நினைவிலிருந்து மறுபடி இறங்கிவிடும். தேவையற்ற நீட்சிகளை அகற்றி, ‘ரீசெட் செட்டிங்ஸ்’ கொடுத்தால் முகப்புப் பக்கமும் தேடுபொறியும் பழைய நிலைக்கு வரும்; சேமித்த பக்கக்குறிகளும் கடவுச்சொற்களும் அழியமாட்டா. அட்ரோசெக் போல உலாவியின் கோப்புகளையே திருத்தும் நிரலாயின் ரீசெட் போதாது, உலாவியை முழுவதும் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவ வேண்டும் என்பதே மைக்ரோசாஃப்ட் கூறிய தீர்வு.

இதற்குப் பிறகும் ஒரு நீட்சிக்குப் பக்கத்தில் ‘ரிமூவ்’ பொத்தானே இல்லாமல் இருக்கலாம். குரோமின் மூன்று புள்ளிப் பட்டியலின் அடியில், இந்த உலாவி ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி தெரியலாம். அலுவலகங்களும் பள்ளிகளும் தம் கணினிகளில் ஊழியர் மாற்றமுடியாத விதிகளை அமைத்துக்கொள்ளக் கூகுள் தந்திருக்கும் வசதி அது. ‘பாலிசி’ என்று அதற்குப் பெயர். விண்டோஸில் தன் கடைக்கு வெளியிலிருந்து நீட்சிகளை நிறுவுவதைக் கூகுள் 2014 மே மாதம் தடுத்துவிட்டதால், ஹைஜாக்கர்கள் இந்த அலுவலக வாசலைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தத் தொடங்கினர். இரும்பையில் ஒரு வீட்டுக் கூடத்தில் இருக்கும் கணினியை நிர்வகிக்க எந்த நிறுவனமும் இல்லை என்பதால், அந்த வரியே ஒரு முக்கியமான தடயம். எனினும் சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் இந்த வரியை வரவழைக்கக்கூடும் என்பதால் உடனே முடிவுக்கு வரலாகாது. முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம் என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் இட்டு, பாலிசி என்ற சொல்லைச் சேர்த்துத் தட்டினால் நடைமுறையிலுள்ள விதிகளின் பட்டியல் வரும். கட்டாயமாக நிறுவப்பட்ட நீட்சி அங்கே பெயர் தெரியாத 32 எழுத்துகளாகத் தெரியும். அவ்விதிகள் பதிந்திருக்கும் இடம் ‘ரெஜிஸ்ட்ரி’ என்னும் விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில், சாஃப்ட்வேர் என்பதன் உட்பிரிவான பாலிசீஸின்கீழ், கூகுள், குரோம் என்ற பெயர்களில் இருக்கும். ஆய்வுக் கருவிகள் பெரும்பாலும் இதைத் தாமே நீக்கிவிடும். கையால் நீக்க நேர்ந்தால், பதிவேட்டை முதலில் ‘எக்ஸ்போர்ட்’ செய்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு கிளையை மட்டுமே தொட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு கட்டத்தில் தெரிந்தவரின் உதவியை நாடுவதில் தவறில்லை.

கருவிகள் சில நேரம் கவனிக்காமல் விடும் மற்றொரு சிறிய இடம் திரையில் உள்ள குரோம் குறுக்குவழிச் சின்னமே. அதை வலது சொடுக்குச் செய்து ‘ப்ராபர்ட்டீஸ்’ திறந்தால் ‘டார்கெட்’ என்ற கட்டத்தில் குரோம் நிரல் இருக்கும் பாதை மேற்கோள் குறிகளுக்குள் எழுதப்பட்டிருக்கும். இறுதி மேற்கோள் குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு ஓர் இணைய முகவரி ஒட்டியிருந்தால், ஒவ்வொரு முறை சின்னத்தைச் சொடுக்கும்போதும் உலாவி அந்த முகவரியோடுதான் திறக்கும்; உள்ளே எத்தனை முறை முகப்புப் பக்கத்தை மாற்றினாலும் பயனில்லை. ஒட்டியிருக்கும் முகவரியை மட்டும் அழித்துச் சேமிக்க வேண்டும், அல்லது சின்னத்தை நீக்கிப் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். கீழே உள்ள பணிப்பட்டையில் பொருத்திய சின்னம் வேறொன்று என்பதால் அதையும் தனியே பார்க்க வேண்டும்.

விண்டோஸின் ‘பிராக்ஸி’ பகுதியில் யாரும் இடாத முகவரி இருந்தால் நீக்கிவிடலாம். மோடம் மட்டும் சற்று விளக்கத்துக்குரியது. இணையத்தில் ஒரு தளத்தின் பெயரைக் கேட்டதும் அதன் எண்வடிவ முகவரியைத் தேடித் தரும் அமைப்பு ‘டிஎன்எஸ்’. அந்தப் பதிலைத் தருபவர் யார் என்பதை மாற்றிவிட்டால், சரியான பெயரைத் தட்டினாலும் தவறான தளம் திறக்கும். எஸ்தோனியாவிலிருந்து இயங்கிய ஒரு கும்பல் ‘டிஎன்எஸ்சேஞ்சர்’ என்னும் நிரலால் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளை இவ்வாறு திசைமாற்றியது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2011 நவம்பரில் அதை முறியடித்தபோது, போலி வழங்கிகளை, அதாவது ‘சர்வர்’களை, சட்டென்று அணைத்தால் அத்தனை பேரின் இணையமும் நின்றுவிடும் என்பதால், நீதிமன்ற அனுமதியோடு மாற்று வழங்கிகளை 2012 ஜூலை 9 வரை ஓடவிட நேர்ந்தது. வீட்டு மோடத்தின் நிர்வாகப் பக்கத்துக்கு, தொழிற்சாலையில் இட்ட ‘அட்மின்’ என்ற கடவுச்சொல்லையே விட்டுவைப்பது இத்தகையோருக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும். 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் அகன்ற அலைவரிசை மோடம்கள் ஒரு தீநிரலால் முடங்கியபோது, சிக்கியவை பெரும்பாலும் அக்கடவுச்சொல் மாற்றப்படாதவையே. கேபிள்காரரோ ஃபைபர் இணைப்புத் தருபவரோ வீட்டுக்கு வரும்போது, மோடத்தைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, கடவுச்சொல்லை மாற்றித் தரும்படி கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

கடைகளில் இந்த நோய்க்குச் சொல்லப்படும் மருந்து பெரும்பாலும் ஒன்றே: ‘ஃபார்மட் அடித்துவிடலாம்’. வட்டை முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் ஹைஜாக்கர் போய்விடும் என்பது உண்மை. ஆனால் படியெடுக்காத குடும்பப் படங்களும் அதோடு போய்விடுகின்றன. அதைவிடக் கவலைக்குரியது, உரிமம் இல்லாத விண்டோஸை ஏற்றி, அதை உரிமம் பெற்றதுபோல் காட்டும் ‘ஆக்டிவேட்டர்’ நிரலை ஓட்டும் வழக்கம். அந்த ஆக்டிவேட்டர் ஓடுவதற்காக டிஃபெண்டரை அணைத்துவிடுகிறார்கள். பிறகு பல வேளைகளில் அதை இயக்குவதேயில்லை. எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாத ஒரு நிரலுக்கு நிர்வாகி அதிகாரம் கொடுத்து, காவலையும் நிறுத்திவைத்த கணினி, ஃபார்மட்டுக்கு முன்பிருந்ததைக் காட்டிலும் பலவீனமானது. வந்த நோய் மறுபடி வருவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. பெரும்பாலான மடிக்கணினிகள் உரிமம் பெற்ற விண்டோஸோடுதான் விற்கப்படுகின்றன. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிந்தியவற்றில் அந்த உரிம எண் பொதுவாக மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால், அதே பதிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி ஏற்றினால் தானே உரிமம் பெற்றுவிடும், செலவும் இல்லை. விண்டோஸ் 11 ஏறாத பழைய இயந்திரமாயின், லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை ஏற்றலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பல விலையில்லா மடிக்கணினிகள் விண்டோஸோடு சேர்த்தே கொண்டு வந்தன. உலாவவும் ஆவணம் எழுதவும் அது போதும்.

கணினி குணமான பின், வேறொரு பழுதற்ற கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி, சமூக வலைக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுவது இறுதி வேலை; அதில் மின்னஞ்சலே முதலில் மாற வேண்டும், ஏனெனில் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் வழி அதன் வழியாகவே போகிறது. விண்டோஸில் அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டால், பிள்ளைகள் எதையேனும் இறக்கினாலும் அது முழுக் கணினிக்கும் விதி எழுத முடியாது. இந்த ஏற்பாட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும். இதைச் செய்துவைத்திருக்கும் வீடுகள் அரிது என்பது வருந்தத்தக்கது.

அபகரிக்கப்பட்ட தேடலின் வழியே போலிச் சேவை எண்ணுக்குப் பேசிப் பணம் இழந்தவர்கள் கணினியைச் சரிசெய்யும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் தடுத்துவைக்க முதல் சில மணி நேரமே வாய்ப்பானது. ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் இணையவழிக் குற்றத் தளத்திலும், மாவட்ட இணையவழிக் குற்றக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். இரும்பை, வானூர்ப் பகுதி மக்கள் புதுச்சேரியில் கணினியைப் பழுதுபார்த்திருந்தாலும், அங்கே வங்கிக் கணக்கு வைத்திருந்தாலும், 1930 நாடு முழுவதற்கும் பொதுவான எண் என்பதால் எந்த எல்லைக்குட்பட்டது என்று யோசித்துத் தாமதிக்க வேண்டியதில்லை. திரையில் தெரிந்த போலிப் பக்கத்தின் படத்தையும், பேசிய எண்ணையும், பணம் போன பரிவர்த்தனை எண்ணையும் எடுத்துவைத்த பிறகே நிரலை அகற்றத் தொடங்க வேண்டும். அகற்றிவிட்டால் புகாருக்கான சான்றும் அதோடு அழிந்துவிடும்.